எல்லோரையும் வா என்பவர்

“வா அம்மிணி, வா. எப்ப வந்தே? சோறு உண்டாச்சா?”

இடுப்பில் கைக்குழந்தையோடு சந்தைக்குள் நுழைந்த பெண் திடுக்கிட்டு நின்றாள். முன்பின் தெரியாத ஒருவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, பெற்ற தகப்பன் மாதிரி வாய் நிறைய அழைக்கிறார். பின்னால் கிடாரிக் கன்றைப் பிடித்து வந்த அவள் புருஷனுக்கு முகம் கடுத்துவிட்டது. “யாருங்க நீங்க?” என்றான். “ஆளு மாறிப் போச்சுங்க. நம்ம புள்ளையாக்கும்னு நெனச்சுப் போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க” என்று இவர் கும்பிட்டார். அவர்கள் நாலடி நகர்வதற்குள் அடுத்து வந்த பெண்ணைப் பார்த்து மறுபடியும், “வா அம்மிணி, வா” என்றார்.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் தரகு பார்க்கும் ஆறுச்சாமி இவர். ஒல்லியான உடம்பு. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் வேட்டி, இடது தோளில் சிவப்புக் கரை போட்ட துண்டு. குழந்தையோடு வரும் இளம்பெண் யாரானாலும் அவருடைய அழைப்பிலிருந்து தப்ப முடியாது. புதிதாகச் சந்தைக்கு வருகிறவர்கள் கிறுக்கு என்கிறார்கள். நாள்பட வருகிறவர்கள் வேறு மாதிரியும் பேசுகிறார்கள். அதைச் சொன்னால் என் வாய்தான் நாறும்.

நான் சந்தையை ஒட்டிய மிருகாஸ்பத்திரியில் கம்பவுண்டர். சந்தை நாளில் எனக்கு மூச்சு விட நேரம் இருக்காது. மாடுகள் என்னை முட்டும், மாட்டுக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். அந்த அமளியிலும் கண் அடிக்கடி வேப்பமரத்துப் பக்கம் போய்விடும். மனுஷர்களை வேடிக்கை பார்ப்பது எனக்கு வெற்றிலை போடுகிற மாதிரி, விட முடியாத பழக்கம்.

தரகைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இங்கே மாட்டின் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகர் தன் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். எதிராளி அதற்கடியில் கை நீட்டுவான். விரலைப் பிடித்தால் ஒரு விலை, விரலை மடக்கினால் ஒரு விலை. அந்த நேரத்தில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். ஆளுக்கொரு பக்கம், மாட்டையோ மரத்தையோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முகம் பார்த்தால் மனசில் இருப்பது தெரிந்துவிடும், பக்கத்தில் நிற்பவனும் படித்துவிடுவான். பேரம் படியவில்லை என்றால் கையை உருவிக்கொள்வார்கள். கை விடாத வரைக்கும் பேச்சு முடியவில்லை என்று அர்த்தம்.

ஆறுச்சாமியின் சங்கதி எனக்குத் தெரிய வந்ததே ஒரு சண்டையில்தான். ஒரு கல்யாணத்துக்காகக் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கொல்லங்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். அவர் எதிரே வந்தார். நான் சிரித்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லைட்டுக் கம்பத்தைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்விட்டார். எனக்கு வந்ததே கோபம். வாரா வாரம் என்னிடம் பீடிக்கு நெருப்பு வாங்குகிற மனுஷனுக்கு அவ்வளவு மிதப்பா என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சந்தையில் நான் முகம் கொடுக்கவில்லை. அவரே தேடி வந்தார்.

“ஏனுங் கம்பவுண்டரே, பேச்சையே காணம்?”

“பஸ் ஸ்டாண்டில் பார்த்தும் பார்க்காத மாதிரி போனீரே, அங்கேயே தொலைத்துவிட்டேன் பேச்சை.”

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. என் கையைப் பிடித்துச் சந்தைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிலும் பார்த்துவிட்டு, “அன்னைக்கு உங்ககிட்ட மருந்து வாசம் இல்லீங்க” என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு சொன்னார்.

லாரியில் காளைகளை ஏற்றிவிட்டு இறங்கும்போது ஒன்று திமிறித் தள்ள, மல்லாக்க விழுந்து பின்மண்டையில் அடி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்து எழுந்தார். கை கால் எல்லாம் சரியாக இருந்தது. பேச்சும் கணக்கும் பழைய ஞாபகமும் அப்படியே இருந்தன. பார்க்க வந்தவர்களைத்தான் ஒருவரையும் தெரியவில்லை. அவர்கள் வாயைத் திறந்த பிறகே இன்னார் என்று தெரிந்தது. கண் மங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாராம். ஆனால் ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில் புளியமரத்துக் கிளையில் உட்கார்ந்திருந்த மைனாவின் மஞ்சள் மூக்கு பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

“மூக்குத் தெரியுதுங்க. கண்ணு தெரியுதுங்க. மீசை தெரியுது. ஆளுத் தெரியறதில்லீங்க” என்றார்.

டாக்டர் அவருக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லியிருக்கிறார். கண் பார்த்து அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. அனுப்பிய மூக்கையும் கண்ணையும் வாயையும் ஒன்றாகச் சேர்த்து, இது இன்னார் முகம் என்று சொல்கிற இடம் மூளையில் பின்பக்கமாக இருக்கிறதாம். அங்கேதான் அடி. குரலுக்கு வேறு இடம், நடைக்கு வேறு இடம், அவையெல்லாம் தப்பித்துக்கொண்டன. நாம் ஒரு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொள்கிறோமே, அதை ஒரு வேலை என்றே நினைப்பதில்லை. தலைக்குள்ளே யாரோ நமக்காக ஓயாமல் செய்துகொண்டிருக்கிறார்கள். இவருக்கு அந்த ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டான்.

இதில் பெரிய கெடுதல் என்னவென்றால், மாடுகளை அவருக்குத் தெரிகிறது. எங்கோ விற்றுப்போன மயிலைக் காளை, கை மாறிக் கை மாறி மறுபடி சந்தைக்கு வந்தால், தூரத்திலேயே “அட, கொழிஞ்சாம்பாறைக்குப் போனவனல்லோ இவன்” என்பார். கொம்பின் வளைவு, திமிலின் சாய்வு, உடம்பில் இருக்கிற மயிர்ச் சுழி, எல்லாம் சேர்ந்து ஒரு மாடாக அவருக்குள் எழுந்து நிற்கிறது. சின்ன வயசிலிருந்து மாடு பார்த்துப் பழகிய மூளை. மாட்டை வைத்திருக்கிற இடம் வேறு போலிருக்கிறது. இதற்கு டாக்டரே கையை விரித்துவிட்டாராம்.

ஊருக்கு இது போதாதா? “மாட்டைத் தெரியுதாமா, மனுசனைத் தெரியலையாமா” என்று சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை. குருடன் என்றால் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைக்கிற ஜனங்கள், இதைக் கேட்டால் கண்ணடிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். எனக்குச் சொன்னதுகூட, என் ஒருத்தன் பேச்சாவது மிஞ்சட்டும் என்றுதான்.

ஆட்களை அவர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. மாட்டுக்குச் சுழி பார்க்கிற மாதிரி மனுஷனுக்கும் அடையாளம் பிடிக்க ஆரம்பித்தார். காது மடலில் மயிர் இருந்தால் இன்னார். வலது காலை இழுத்து நடந்தால் இன்னார். பீனாயில் வாசம் வந்தால் கம்பவுண்டர். “சாமி மனுசனுக்கும் ஆளுக்கொரு சுழி வெச்சிருந்தா என்ன கொறஞ்சா போயிரும்?” என்பார். கார்த்திகை மாதம் வந்தால் போச்சு. பாதி ஊர் மாலை போட்டுக்கொண்டு, தாடி வளர்த்து, கறுப்பு வேட்டியில் திரியும். அந்த மாதம் முழுக்கச் சந்தை நாள் தவிர மனுஷன் வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஒரு தடவை சலூனில் ஒருவர் எதிரே உட்கார்ந்து முறைத்துக்கொண்டே இருந்தாராம். “நீங்க முன்னால வெட்டிக்குங்க, எனக்கு அவசரமில்லீங்க” என்று இவர் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். எதிரே இருந்தது கண்ணாடி. இதைச் சொல்லி அவரே சிரித்தார், எனக்குத்தான் சிரிக்க வரவில்லை.

துண்டுக்கடியில் மட்டும் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கை நீட்டியதுமே, காய்ப்புக் காய்த்த கையா, வியர்க்கிற கையா, விரல் நடுங்குகிற கையா என்று பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார். அதனால்தான் தொழில் பிழைத்தது. அங்கே யாரும் முகம் பார்ப்பதில்லையே, எல்லாரும் அவர் மாதிரிதான்.

மகள் பூவாத்தாளைப் பற்றி அவராக முதலில் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்டதில்லை. டீக்கடை ராசம்மாள்தான் சொன்னாள். அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். தாயில்லாப் பிள்ளை. பாவாடை கட்டின காலத்தில் அப்பனுக்குச் சோற்றுப் போசி எடுத்துக்கொண்டு சந்தைக்கு வரும். வீட்டில் அப்பனும் மகளும் துண்டு போட்டுப் பேரம் பேசி விளையாடுவார்களாம். அவர் வாங்கிப்போன பொரியுருண்டைக்கு அவள் விரல் பிடித்து விலை வைப்பாள். அவர் படியவில்லை என்றால் அவருடைய சுண்டுவிரல் நுனியை நகத்தால் நறுக்கென்று கிள்ளுவாள். தரகில் அப்படி ஒரு கணக்கே கிடையாது. அந்தக் கிள்ளுக்கு அவர் எப்போதும் தோற்றுப் போவார்.

உடும்பஞ்சோலை மலையில் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மாடு ஏற்றிப் போக வந்த லாரி டிரைவர் கருத்தப்பாண்டி. தெக்கத்தி ஆள். பூவாத்தாள் அவனோடு போய்விட்டாள். பேருக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்ள வந்தபோது ஆறுச்சாமி வாசலில் நின்று, “இனி உன்ற மொகத்துல முழிக்க மாட்டேன்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுத்த வருஷம்தான் லாரியிலிருந்து விழுந்தது. தான் சொன்ன சொல்லே திரும்பி வந்து தன் மண்டையில் அடித்தது என்று அவர் நினைக்கிறார். டாக்டர் சொன்னது அவருக்குக் கால்வாசிக்கு மேல் ஏறவில்லை.

இது தெரியாமல் அவள் ஒரு சந்தை நாளில் வந்தாள், இடுப்பில் பிள்ளையோடு. நேராக வேப்பமரத்தடிக்கு வந்து அப்பனுக்கு முன்னால் நின்றாள். சண்டை போட்டு விலகின வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்கள் முதலில் பேசுவது இந்தப் பக்கத்து வழக்கமில்லை. வீட்டு ஆள் வாயால் ‘வா’ என்று ஒரு சொல் வர வேண்டும். அது வராவிட்டால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அவள் அந்தச் சொல்லுக்காக நின்றாள். மெலிந்து, கறுத்து, மலையேறிப் பழகி நடையும் மாறியிருந்தது. கொலுசு இல்லை. ஆறுச்சாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். “என்ன உருப்படி பாக்கறீங்க? கறவையா, கிடாரியா?” என்றார்.

அவள் வந்த வழியே திரும்பிப் போய் பஸ் ஏறினாள். டீக்கடையிலிருந்து இதைப் பார்த்துவிட்டு ராசம்மாள் ஓடி வந்தாள். “ஏனுங்ண்ணா, பெத்த புள்ளையை யாரோ மாதிரி வெரட்டிப் போட்டீங்களே, இது நாயமா?” என்றாள். ஆறுச்சாமிக்கு அப்புறம்தான் புரிந்தது. ரோட்டுக்கு ஓடினார். பஸ் கிளப்பின புழுதிதான் மிச்சம். அடுத்த பஸ் வந்து, அதற்கடுத்த பஸ்ஸும் வந்து போகிற வரைக்கும் ரோட்டோரத்திலேயே நின்றாராம்.

மலைக்கும் போய்ப் பார்த்தார். கருத்தப்பாண்டி வேறு எஸ்டேட்டுக்கு மாறிவிட்டான் என்றார்கள், எது என்று யாருக்கும் தெரியவில்லை. இருந்தாலும், வேலை விட்டு வருகிற பெண்களைப் பார்த்துக்கொண்டு ஒரு எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோர் வாசலில் நின்றார். எல்லார் தலையிலும் மழைக்குப் போட்ட சாக்கு. “அத்தனை பேரு போனாங்க. ஒருத்தியாச்சும் அப்பான்னு கூப்புட மாட்டாளான்னு நின்னனுங்க” என்றார் என்னிடம். ஒருத்தியும் கூப்பிடவில்லை. கடைசி பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னார். “படுத்துக் கண்ணை மூடி, புள்ளையை நெனச்சுப் பாக்கறனுங்க. சடை வருது. மூக்குத்தி வருது. கொலுசுச் சத்தம் வருது. மொகம் இருக்கற எடத்துல ஒண்ணும் இல்லீங்க.” பார்த்ததை மறப்பது எல்லாருக்கும் உள்ளதுதான். மறக்கவே இல்லை, ஆனால் எடுக்க வரவில்லை என்பது எப்படி இருக்கும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். தாங்கவில்லை, எழுந்து போய் ஊசியைக் கழுவினேன்.

அந்தப் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. எவள் தன் மகள் என்று தெரியாது, அதனால் எல்லாரையும் கூப்பிட்டுவிடுவது. ஊரே சிரித்தாலும், எவனாவது அடிக்க வந்தாலும், அவள் வந்து நிற்கிற அன்றைக்கு அந்த ஒரு சொல் இல்லாமல் போகக் கூடாது. இவ்வளவுதான் அவருடைய கணக்கு.

நான் சும்மா இருக்கவில்லை. மலைக்குப் போகிற லாரிக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தேன். கருத்தப்பாண்டியைப் பார்த்தால் சொல்லுங்கள், மாமனாருக்கு மண்டையில் அடிபட்டு ஆளைத் தெரியாமல் போய்விட்டது, குரல் கேட்டால் தெரியும், உன் பெண்டாட்டியை வந்து பேசச் சொல் என்று. பல மாதம் கழித்து ஒருவன் பதில் கொண்டுவந்தான். “சுழி பார்த்து மாட்டைத் தெரியுதாம்ல, பெத்த மகளைத் தெரியலையாக்கும்? யாருக்குய்யா காது குத்துறீக?” என்றானாம் பாண்டி. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் காதையும் முதலில் குத்தத்தான் பார்க்கிறார் என்று நானே நினைத்தவன்தானே. இந்தப் பதிலை ஆறுச்சாமியிடம் நான் சொல்லவில்லை.

பொங்கலுக்கு முந்தின சந்தை. மாடும் மனுஷனும் நெரித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு காளைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தேன், அதன் கயிற்றைப் பிடிக்க ஆள் போதாமல் நானும் ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தேன். நிமிர்ந்தபோது வேப்பமரத்தடியில் பூவாத்தாள் நிற்கிறாள். இடுப்பில் பிள்ளை, கொஞ்சம் வளர்ந்திருந்தது. நம்பாமல்தான் வந்திருந்தாள் என்று நின்ற நிலையிலேயே தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, என்னதான் சொல்கிறார் பார்ப்போம் என்று சோதிக்க வந்தவள் மாதிரி நின்றாள்.

“வா அம்மிணி, வா. எப்ப வந்தே? சோறு உண்டாச்சா?”

அந்த முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். வாயைத் திறந்தாள், பேச்சு வரவில்லை, கண்ணில்தான் தண்ணீர் வந்தது. ஆறுச்சாமி அவளையே பார்த்தபடி கொஞ்சம் காத்திருந்தார். சத்தம் எதுவும் வராததால் இவளும் யாரோ என்று நினைத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பக்கமாக இன்னொரு பெண், கையில் குழந்தையோடு. அவர் திரும்பினார்.

“வா அம்மிணி, வா. எப்ப வந்தே? சோறு உண்டாச்சா?”

அதே ராகம், அதே குழைவு. பூவாத்தாளின் முகம் அப்படியே செத்துப் போயிற்று. நான் இங்கிருந்து கத்தினேன், மாடுகள் போட்ட சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கயிற்றை விட்டால் காளை கூட்டத்துக்குள் பாய்ந்துவிடும். அவள் திரும்பி நடந்தாள். நாலைந்து அடி போயிருப்பாள். அந்த இன்னொரு பெண் அவரை ஏதோ திட்டிவிட்டுப் போக, இவர் கும்பிட்டு, “ஆளு மாறிப் போச்சுங்க. நம்ம புள்ளையாக்கும்னு நெனச்சுப் போட்டேன்” என்று சொல்வது அவள் காதில் விழுந்திருக்கிறது. நின்றாள். திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்து, கும்பிட்ட கையை இறக்காமல் நின்றிருந்தார். அவருடைய பின்மண்டையில் மயிர் முளைக்காத தழும்பு ஒன்று உண்டு, அதைத்தான் பார்த்தாளோ என்னவோ.

மெல்ல வந்தாள். அவர் தோளிலிருந்து துண்டை உருவினாள். யாரோ மாடு பேச வந்திருக்கிறார்கள் என்று ஆறுச்சாமி வழக்கம்போல வலது கையை நீட்டிவிட்டு, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் துண்டை அந்தக் கையின் மேல் போட்டு, தன் கையை அதற்கடியில் விட்டாள்.

துணிக்கடியில் விரல்கள் அசைந்தன. என்ன பேசின என்று எனக்குத் தெரியாது, தெரியக் கூடாது என்றுதானே துண்டு. சட்டென்று ஆறுச்சாமியின் தோள் ஒரு துள்ளுத் துள்ளியது. நறுக்கென்று கிள்ளினால்தான் அப்படித் துள்ளும்.

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது அவருக்கு? ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல். ஒருவன் வந்து, “ஏனுங், இந்தக் காளைக்கு என்ன சொல்றீங்க?” என்று கேட்டான், பதில் வராததால் போய்விட்டான். ஆறுச்சாமி இடது கையால் துண்டை மெதுவாக இழுத்து, அவளுடைய முழங்கை வரைக்கும் மூடினார். உள்ளே பிடித்த கையை விடவில்லை.